ரெண்டு கோஷ்டித் தகராறு

2025 அக்டோபர் கடைசி வாரம். எங்கள் தாலுக்கா ஊரில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கிற டீக்கடை. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஏழெட்டுப் பேர் அங்கே கூடுவோம். ஒரு வாத்தியார், ஒரு கட்டட மேஸ்திரி, கோர்ட்டில் வக்கீல் குமாஸ்தாவாக இருக்கிற ஒருத்தர், நகராட்சித் தூய்மைப் பணியாளர் சங்கத்தில் வேலை செய்கிற ஒரு தோழி, நான். ரேஷன் கடை எடையிலிருந்து உக்ரைன் வரைக்கும் பேசுவோம். காலனி ஆளுங்களுக்கு உலக அரசியல் எதுக்கு என்று நக்கலடிக்கிறவர்கள் உண்டு. 1946லேயே அம்பேத்கர் அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். அங்கே கறுப்பின மக்கள் ஐ.நா.வுக்கு மனு கொடுக்கிறார்களாமே, அதன் பிரதி வேண்டும் என்று கேட்டார். டுபாய்ஸும் பதில் போட்டார். அப்போது ஐ.நா. சபைக்கு ஒரு வயசுகூட நிறையவில்லை. ஆகவே உலகத்தைப் பேசுவது நமக்குப் புதுசில்லை.

அன்றைக்கு நான் காசாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். 2023 டிசம்பரில் தென்னாப்பிரிக்கா சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனது, 2024 ஜனவரி 26ந் தேதி அந்தக் கோர்ட் இஸ்ரேலுக்கு இடைக்கால உத்தரவு போட்டது, 2025 செப்டம்பரில் ஐ.நா. மனித உரிமைப் பேரவை அமைத்த விசாரணைக் குழு நடப்பது இனப்படுகொலைதான் என்று முடிவு சொன்னது, எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கினேன். 'இஸ்ரேல் - ஹமாஸ் மோதல்' என்று போடுகிற பத்திரிகைகளை ஒரு பிடி பிடித்தேன். எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நன்றாகத்தான் பேசினேன்.

வாத்தியார் பேப்பரைப் புரட்டி, "சூடான்லயும் என்னமோ பெருசா நடக்குதாமே" என்றார். எல் ஃபாஷர் என்கிற ஊர். ஒன்றரை வருஷமாக முற்றுகையில் கிடந்த அந்த ஊரை அக்டோபர் 26ந் தேதி ஆர்.எஸ்.எஃப். என்கிற துணைப்படை பிடித்தது. அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் மட்டும் நோயாளிகளும் துணைக்கு இருந்தவர்களுமாக 460 பேருக்கு மேல் கொல்லப்பட்டதாகத் தகவல் வந்திருக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தது. நான் டீயை உறிஞ்சிக்கொண்டே, "அது வேற சார். அங்க ரெண்டு கோஷ்டித் தகராறு. பழங்குடிச் சண்ட. ஆப்பிரிக்காவுல அது எப்பவும் இருக்கறதுதான்" என்றேன்.

தோழி கிளாஸைக் கீழே வைத்தார். "அண்ணே, நம்ம கேஸ்ல இன்ஸ்பெக்டர் இதையேதான் சொன்னாரு" என்றார்.

யாரும் பேசவில்லை. எனக்கு டீ இறங்கவில்லை. அந்த ஒரு வாக்கியத்துக்குப் பதில் தேடித்தான் இதை எழுதுகிறேன்.

நம்ம கேஸ் என்று அவர் சொன்னது ஆறு வருஷத்துக்கு முந்தைய சங்கதி. எங்கள் சொந்தக்காரர்கள் இருக்கிற ஒரு காலனியில் கல்யாணம். மாப்பிள்ளை ஊர்வலம் மேளத்தோடு ஊர்த்தெரு வழியாகப் போனது. தெரு என்னமோ அரசாங்கம் போட்ட தார் ரோடுதான். மறுநாள் ராத்திரி பதினோரு மணிக்கு நாற்பது ஐம்பது பேர் கட்டையும் இரும்புப் பைப்புமாகக் காலனிக்குள் நுழைந்தார்கள். பதினாலு வீடுகளின் கதவு, டி.வி., பைக் எல்லாம் நொறுங்கியது. மூன்று குடிசைகளுக்குத் தீ வைத்தார்கள். அஞ்சு பேருக்கு அடி. ஒரு பையனுக்குக் கை முறிந்தது. விடிஞ்சதும் ஸ்டேஷனுக்குப் போனோம். இன்ஸ்பெக்டர் புகாரைப் படித்துவிட்டு, "ரெண்டு கோஷ்டித் தகராறுப்பா இது. அவங்களும் கம்ப்ளைண்ட் குடுத்திருக்காங்க. ரெண்டு பக்கமும் கேஸ் போட்டுடறேன், போங்க" என்றார். எஃப்.ஐ.ஆரில் 'இரு தரப்பினருக்கும் இடையே முன்விரோதம் காரணமாக ஏற்பட்ட மோதல்' என்று எழுதினார்கள். அவர்கள் தரப்பில் ஒன்பது பேர். நம்ம பையன்கள் பதினோரு பேர். கை முறிந்தவன் மூன்றாம் எதிரி.

இன்ஸ்பெக்டர் தமிழ் தெரியாமல் 'மோதல்' என்று எழுதவில்லை. சட்டம் தெரிந்துதான் எழுதினார். 1989ஆம் வருஷத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் போட்டால் டி.எஸ்.பி. அந்தஸ்தில் இருக்கிற அதிகாரிதான் விசாரிக்க வேண்டும். எதிரிகளுக்கு முன்ஜாமீன் கிடையாது. பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசாங்கம் நிவாரணம் கொடுத்தாக வேண்டும். கடமையில் தவறுகிற அரசு ஊழியருக்கே தண்டனை என்று அந்தச் சட்டத்தின் நாலாவது பிரிவு சொல்கிறது. 'வன்கொடுமை' என்று ஒரு சொல்லை எழுதிவிட்டால் இத்தனை வேலையும் எழுந்து நிற்கும். 'மோதல்' என்று எழுதினால் யாருக்கும் எந்த வேலையும் இல்லை. அவர் சொல்லைத் தேர்ந்தெடுத்தது அகராதியைப் பார்த்து இல்லை, வேலையைப் பார்த்து.

நான் எம்.ஏ. தமிழ் படித்தவன். வகுப்பில் நன்னூல் சொல்லிக் கொடுத்தார்கள். தகுதி வழக்கு மூன்று: இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. வெளியே சொல்லக் கூசுவதை மறைத்துச் சொல்வது இடக்கரடக்கல். கெட்டதை நல்லதாகச் சொல்வது மங்கலம். செத்தார் என்பதற்கு இறைவனடி சேர்ந்தார் என்பது மாதிரி. ஒரு கூட்டத்துக்குள் மட்டும் விளங்கும்படி பேசுவது குழூஉக்குறி. பரீட்சைக்குப் படித்தேன், மார்க் வாங்கினேன். அரசாங்கங்கள் பேசுகிற மொழிக்கு இதைவிட நல்ல இலக்கணம் கிடையாது என்று அப்போது தெரியவில்லை. முள்ளிவாய்க்காலில் 2009இல் நடந்ததற்கு இலங்கை அரசு வைத்த பெயர் 'மனிதாபிமான நடவடிக்கை'. இது மங்கல வழக்கு. குண்டு விழுந்து செத்த பொதுமக்களை ராணுவ மொழியில் 'பக்கவாட்டுச் சேதம்' என்பார்கள். இது இடக்கரடக்கல், குழூஉக்குறி ரெண்டும் சேர்ந்தது. தோழி இதைக் கேட்டுவிட்டு, "எங்களுக்கும் ஒரு மங்கலம் இருக்குதுண்ணே. 2020ல துப்புரவுப் பணியாளரத் தூய்மைப் பணியாளர்னு மாத்துனாங்க. மரியாதையான பேருதான், வேணாங்கல. அந்தப் பேர எழுதுன கை எங்க கைக்கு ஒரு நல்ல கையுறை குடுத்திருந்தா நல்லாருந்திருக்கும்" என்றார்.

இன்னொன்றும் இலக்கணத்தில் படித்தேன்: தோன்றா எழுவாய். வாக்கியத்தில் எழுவாய் இருக்கும், ஆனால் வெளியே தெரியாது. 'வந்தேன்' என்றால் நான் என்பது தோன்றாமல் நிற்கிறது. நம்முடைய செய்தித்தாள்களில் இந்தத் தோன்றா எழுவாய் செய்கிற காரியம் கொஞ்சநஞ்சமில்லை. 1999 ஜூலை 23ந் தேதி மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் கூலிக் கோரிக்கைக்காகத் திருநெல்வேலி கலெக்டர் அலுவலகத்துக்கு ஊர்வலம் போனவர்களைப் போலீஸ் அடித்து விரட்டியது. தாமிரபரணியில் 17 பேர் பிணமாக ஒதுங்கினார்கள். அதில் ஒரு கைக்குழந்தையும் உண்டு. 'ஆற்றில் மூழ்கி 17 பேர் பலி' என்று ஒரு வாக்கியம் எழுதினால் அதில் ஆறு இருக்கிறது, சாவு இருக்கிறது, தடி இல்லை. 2012 நவம்பர் 7ந் தேதி தருமபுரி மாவட்டம் நத்தம், கொண்டம்பட்டி, அண்ணா நகர் ஆகிய மூன்று காலனிகளில் 268 வீடுகள் சூறையாடப்பட்டன, எரிக்கப்பட்டன. ஆனால் இன்றைக்கும் அதன் பெயர் 'தருமபுரி கலவரம்'. கலவரம் என்றால் ரெண்டு பக்கமும் கிளம்பி நடுவில் சந்தித்திருக்க வேண்டும். நத்தம் காலனிக்காரன் யார் வீட்டுக்குப் போனான்? அவன் வீட்டுக்குத்தானே வந்தார்கள்?

ஈழத்துக்கு இனப்படுகொலை என்று மேடை அதிரப் பேசிய பலபேர் வாயில் தருமபுரிக்குக் 'கலவரம்' என்ற சொல்தான் வந்தது. அவர்களை நான் எத்தனையோ கூட்டங்களில் கிழித்திருக்கிறேன். அதே ஆள்தான் டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு சூடானுக்கு 'ரெண்டு கோஷ்டித் தகராறு' என்று தீர்ப்புச் சொன்னேன். தூரத்தில் இருப்பவன் சாவுக்குச் சின்னச் சொல், தன் சாவுக்குப் பெரிய சொல் என்றால், ஊர்த்தெருக்காரனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? அவனுக்கு நான் தூரம். எனக்கு சூடான்காரன் தூரம்.

'பழங்குடிச் சண்டை' என்கிற சொல்லுக்கு ஏற்கெனவே ஒரு சரித்திரம் இருக்கிறது. அன்றிரவு வீட்டுக்குப் போனதும் ருவாண்டா பற்றி முன்பு குறித்து வைத்திருந்த நோட்டை எடுத்தேன். 1994 ஏப்ரல் 6ந் தேதி ருவாண்டா ஜனாதிபதி ஹாபியாரிமானாவின் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. அன்றிரவே கொலை தொடங்கியது. சுமார் நூறு நாளில் 8 லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள் என்பது ஐ.நா. கணக்கு. பெரும்பாலோர் துத்சி மக்கள். கொல்ல மறுத்த, எதிர்த்த ஹூட்டு மக்களும் கொல்லப்பட்டார்கள். இந்த ரெண்டு மக்களும் பேசுவது ஒரே மொழி. கும்பிடுகிற சாமி ஒன்று. வாழ்கிற குன்று ஒன்று. பெல்ஜியம் ஆண்டபோது 1930களில் ஒவ்வொருத்தருக்கும் ஓர் அடையாள அட்டை கொடுத்து, அதில் நீ ஹூட்டு, நீ துத்சி என்று அச்சடித்து வைத்தது. அறுபது வருஷம் கழித்து ரோட்டில் தடுப்புப் போட்டு அந்த அட்டையைப் பார்த்துத்தான் வெட்டினார்கள்.

அங்கேயும் சொல்தான் முன்னால் போனது. ஆர்.டி.எல்.எம். என்ற வானொலி துத்சிகளைக் கரப்பான் பூச்சி என்றது. கொலைக்கு அவர்கள் வைத்த பெயர் 'வேலை'. வேலைக்குக் கிளம்புங்கள் என்றால் அரிவாளை எடு என்று பொருள். கேட்பவனுக்கு விளங்கும், வெளியாளுக்கு விளங்காது. நன்னூலார் சொன்ன குழூஉக்குறி. வெளியுலகமோ அதைப் பழங்குடிச் சண்டை என்றது, உள்நாட்டுப் போர் என்றது. ஏப்ரல் 21ந் தேதி, ஆட்கள் செத்துக்கொண்டிருக்கும்போதே, ஐ.நா. பாதுகாப்புக் கவுன்சில் அங்கிருந்த சுமார் 2,500 அமைதிப்படையினரை 270 ஆகக் குறைக்கத் தீர்மானம் போட்டது. ஏப்ரல் 30ந் தேதி அதே கவுன்சில் ஓர் அறிக்கை விட்டது. இனப்படுகொலைக்கு சட்டம் தருகிற விளக்கம் அதில் இருந்தது. 'இனப்படுகொலை' என்ற சொல் மட்டும் இல்லை. எழுவாய் மாதிரி அதுவும் தோன்றாமல் நின்றது.

அமெரிக்க வெளியுறவுத் துறையின் பேச்சாளர் 'இனப்படுகொலைச் செயல்கள்' நடந்திருக்கலாம் என்றுதான் சொன்னார், இனப்படுகொலை என்று சொல்ல மாட்டேன் என்றார். எத்தனை செயல் சேர்ந்தால் ஓர் இனப்படுகொலை ஆகும் என்று ஒரு நிருபர் கேட்டார். அதற்குப் பதில் சொல்கிற இடத்தில் தாம் இல்லை என்று அந்த அம்மா தப்பித்துக்கொண்டார். ஏன் அத்தனை பயம்? 1994 மே மாதத்து அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஒரு குறிப்பு பிற்பாடு வெளியே வந்தது. இனப்படுகொலை என்று ஒப்புக்கொண்டால் அரசாங்கம் உண்மையிலேயே ஏதாவது செய்ய வேண்டி வந்துவிடும், ஜாக்கிரதை என்பது அதன் சாரம். படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது. வாஷிங்டனில் கோட்டுப் போட்ட ஆள் கணக்குப் போட்டதும் எங்கள் இன்ஸ்பெக்டர் கணக்குப் போட்டதும் ஒரே கணக்கு. அந்தச் சொல்லை எழுதினால் வேலை வரும்.

அந்தச் சொல்லை வேலை வாங்குவதற்காகவே ஓர் ஆள் செய்து வைத்தார். ரஃபேல் லெம்கின், போலந்து நாட்டு யூத வக்கீல். ஹிட்லர் ஆட்சியின் கொலைகளில் தன் குடும்பத்தில் பெரும்பாலோரைப் பறிகொடுத்தவர். கிரேக்கத்தில் இனத்தைக் குறிக்கிற சொல்லையும் லத்தீனில் கொலையைக் குறிக்கிற சொல்லையும் ஒட்டி 1944இல் ஒரு புதுச் சொல் உண்டாக்கினார். அந்தச் சொல்லைத் தூக்கிக்கொண்டு ஐ.நா. வராந்தாவில் ஒவ்வொரு நாட்டுப் பிரதிநிதியாகப் பிடித்துப் பேசினார். 1948 டிசம்பர் 9ந் தேதி ஒப்பந்தம் நிறைவேறியது. இனப்படுகொலையைத் தடுப்பதும் தண்டிப்பதும் கையெழுத்துப் போட்ட நாடுகளின் கடமை என்று அதன் முதல் பிரிவிலேயே இருக்கிறது. இன்றைக்குத் தமிழில் நாம் 'இனப்படுகொலை' என்று சொல்வது அந்தச் சொல்லின் பிள்ளைதான்.

டீக்கடையில் மேஸ்திரி ஒரு கேள்வி கேட்டார். அதைத் தள்ளிவிட முடியாது. "சாவறவன் சாவறான். நீங்க அதுக்கு இன்னா பேருன்னு சண்ட போடறீங்க. படிச்சவங்க வேலைப்பா இது." நியாயமான கோபம். பெயர் வைத்ததால் செத்தவன் எழுந்து வரப்போவதில்லை. பெயர் வைத்தும் ஒன்றும் நடக்காமல் போனதுண்டு. 2004 செப்டம்பரில் இதே சூடானின் தார்ஃபூர் பகுதியில் நடப்பது இனப்படுகொலை என்று அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பவல் வாய்விட்டே சொன்னார். அதே மூச்சில், இப்படிச் சொன்னதால் புதிதாக எந்த நடவடிக்கையும் எடுக்க வேண்டியதில்லை என்றும் சொல்லிவிட்டார். சொல் வந்தது, வேலை வரவில்லை. நம் வழக்குகளிலும் வன்கொடுமைப் பிரிவு போட்ட பிறகு சாட்சியைக் கலைத்து, தவணை வாங்கி, பத்து வருஷம் இழுத்து விடுதலை ஆகிறவர்கள் எத்தனை பேர்!

அப்படியும் நான் மேஸ்திரியிடம் சொல்வது இதுதான். சொல் ஒரு கதவு. திறந்து வைத்தாலும் யாரும் உள்ளே வராமல் போகலாம். ஆனால் பூட்டி வைத்தால் நிச்சயம் யாரும் வர முடியாது. ருவாண்டாவுக்காக அமைத்த சர்வதேசத் தீர்ப்பாயம் 1998 செப்டம்பர் 2ந் தேதி ஜான்-போல் அகாயேசு என்கிறவரைத் தண்டித்தது. தபா என்ற ஊரின் மேயர். சர்வதேச நீதிமன்றம் ஒன்று ஒரு மனிதனை இனப்படுகொலைக் குற்றவாளி என்று தீர்த்தது அதுதான் முதல் தடவை. பெண்கள் மீது நடந்த பாலியல் வன்முறையும் இனப்படுகொலையின் அங்கம்தான் என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. அந்தப் பெண்கள் வந்து வாய் திறந்து சொன்னதால் அந்த வாசகம் வந்தது. பழங்குடிச் சண்டை என்ற பெயரே நிலைத்திருந்தால் அவர்களைக் கூண்டில் ஏற்றி யார் கேட்டிருப்பார்கள்? சண்டை என்றால் அது சண்டையின் சேதத்தில் ஒன்று, அவ்வளவுதான்.

நம்முடைய ஆட்களும் ஒரு சொல்லுக்காகக் கடல் தாண்டிப் போனார்கள். 2001 ஆகஸ்ட் 31 முதல் செப்டம்பர் 8 வரை தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் இனவெறிக்கு எதிரான ஐ.நா. மாநாடு. இந்தியாவிலிருந்து தலித் இயக்கத்தார் திரண்டு போனார்கள். சாதி என்ற சொல்லைக்கூட அவர்கள் வற்புறுத்தவில்லை. 'வேலை, மரபுவழி அடிப்படையிலான பாகுபாடு' என்ற ஒரு தொடர் இறுதி அறிக்கையில் இருந்தால் போதும் என்றார்கள். இந்திய அரசு, சாதி என்பது இனம் ஆகாது, இது எங்கள் உள்விவகாரம் என்று நின்றது. அந்தத் தொடர் இறுதி அறிக்கையில் வரவில்லை. இதில் ஒரு வேடிக்கை. 1965ஆம் வருஷத்து இனப் பாகுபாட்டு ஒழிப்பு ஒப்பந்தத்தில் 'மரபுவழி' என்ற சொல் இருக்கிறது. வரைவு தயாரான காலத்தில் அந்தச் சொல்லைச் சேர்க்கச் சொல்லித் திருத்தம் கொடுத்ததே இந்தியாதான். அது சாதியைக் குறிக்காது என்று பிற்பாடு அதே இந்தியா வாதாடியது. அந்த ஒப்பந்தத்தைக் கண்காணிக்கிற ஐ.நா. குழு, 2002இல் மரபுவழி என்பதில் சாதியும் அடங்கும் என்று தெளிவாகவே எழுதிவிட்டது. ஒரு சொல்லுக்குள் நம்மை நுழைய விடாமல் தடுக்க ஓர் அரசாங்கமே இத்தனை பாடுபட்டது என்றால், சொல்லில் ஒன்றுமில்லை என்று நாம் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா?

இதுவரைக்கும் எழுதியது சொல்லைச் சுருக்குகிறவர்களைப் பற்றி. இனி என் தப்புக்கு வருகிறேன். நான் ஊதிப் பெருக்கினவன்.

அந்தக் காலனி எரிந்த மூன்றாம் நாள் ஆத்திரத்தில் ஒரு நோட்டீஸ் அடித்தேன். தலைப்பு: 'இனப்படுகொலை!' மூன்று ஆச்சரியக்குறி போட்டதாக ஞாபகம். ஆயிரம் பிரதி. காலனியில் ஒரு ஆயாவிடம் நீட்டினேன். எரிந்த மூன்று குடிசையில் ஒன்று அவங்களுடையது. எழுபது வயசுக்கு மேல் இருக்கும், படிக்கத் தெரியாது. பேத்தி வாசித்துக் காட்டினாள்.

"அது இன்னா வார்த்த தம்பி, மேல பெருசா போட்டிருக்கறது?"

"நம்ம சனத்தையே கொன்னு அழிக்கிறதுன்னு அர்த்தம் ஆயா."

"யாரும் சாவலியே. நான் உசுரோடதான இருக்கறேன். என் ஊடு எரிஞ்சுது. ரெண்டு மூட்ட நெல்லு எரிஞ்சுது. இவ கல்யாணத்துக்கு எடுத்து வெச்ச பொடவ எரிஞ்சுது. பக்கத்து ஊட்டுப் பையன் கையை ஒடச்சானுங்க. அத எழுதலியே நீ?"

எனக்குக் கோபம்தான் வந்தது. இந்தக் கிழவிக்கு அரசியல் எங்கே புரியும் என்று நினைத்தேன். அடுத்த வாரமே புரிந்தது. விசாரணைக்கு வந்த மேலதிகாரியிடம் இன்ஸ்பெக்டர் முதலில் நீட்டியது என் நோட்டீஸைத்தான். "பாருங்க சார், ஒருத்தரும் சாகாத எடத்துல இனப்படுகொலையாம். இவங்க சொல்றது பூராவும் இப்படித்தான்." செய்தி எடுக்க வந்த நிருபரும் சிரித்தார். ஆயாவின் புடவை, நெல்மூட்டை, பையனின் கை எல்லாம் அந்தச் சிரிப்பில் அடிபட்டுப் போயின. இன்ஸ்பெக்டர் எழுதிய 'மோதல்' ஆயாவுக்கு நடந்ததை மறைத்தது. நான் எழுதிய பெரிய சொல்லும் ஆயாவுக்கு நடந்ததை மறைத்தது. அவர் தன் வேலையைக் காப்பாற்ற மறைத்தார். நான் என் கோபத்தைக் காட்ட மறைத்தேன். எரிந்த வீட்டுக்காரிக்கு ரெண்டும் ஒன்றுதான்.

அப்புறம் தோழியும் குமாஸ்தாவும் ஆயாவை உட்கார வைத்து, அவங்க சொல்லச் சொல்ல எழுதினார்கள். எத்தனை மணிக்கு நாய் குரைத்தது. எந்தப் பக்கமிருந்து வந்தார்கள். யார் குரல் அடையாளம் தெரிந்தது. சாதிப் பெயரைச் சொல்லி என்ன திட்டினார்கள். எந்தக் கதவு முதலில் உடைந்தது. அந்த வாக்குமூலத்தை வைத்துக் கோர்ட்டில் மனுப் போட்டோம். எட்டு மாசம் கழித்து வன்கொடுமைப் பிரிவு சேர்ந்தது. நிவாரணப் பணம் வந்தது. நம்ம பையன்கள் மேல் போட்ட எதிர் வழக்கு தள்ளுபடி ஆனது. மூல வழக்கு இன்னும் நடக்கிறது. 'வன்கொடுமை' என்ற சொல்லை ஆயா ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னாங்க. சட்டத்தின் சொல் அதன் மேல் தானாக வந்து உட்கார்ந்தது.

நடுநிலை என்றால் என்ன என்பது எனக்கு அங்கேதான் விளங்கியது. வள்ளுவர் நடுவுநிலைமைக்குத் தராசை உவமை சொன்னார் என்று படித்திருக்கிறோம். நம் காலத்துப் பத்திரிகையும் போலீஸும் அதை ரெண்டு தட்டும் சமமாக நிற்க வேண்டும் என்று புரிந்துகொண்டு, சமமாக நிற்கும்படி விரலால் அமுக்கிப் பிடித்துக்கொள்கின்றன. எந்தத் தட்டில் கனம் என்று காட்டத்தானே தராசு? கனமான பக்கம் சாய்ந்து காட்டாத தராசைச் சந்தையில் யாராவது வாங்குவார்களா? அதே சமயம், என் பக்கத் தட்டில் இல்லாத கல்லை நான் வைத்தாலும் அது கள்ளத் தராசுதான்.

மறுநாள் சாயங்காலம் டீக்கடைக்குப் போனேன். தோழியிடம், "நேத்து நான் சொன்னது தப்பும்மா" என்றேன். அவர் பெருந்தன்மையாகத் தோள் தட்டவெல்லாம் இல்லை. "சரிண்ணே. அங்க இன்னா நடந்துச்சுன்னு சொல்லுங்க, கேப்போம்" என்றார்.

ஆயா சொன்ன மாதிரி சொல்லப் பார்த்தேன். 2003இல் தார்ஃபூரில் அரசாங்கமே ஆயுதம் கொடுத்து ஜஞ்சவீத் என்ற குதிரைப் படையை ஃபூர், மசாலித், சகாவா மக்கள் மேல் ஏவியது. அந்தப் படையின் ஆட்களை வைத்து 2013இல் ஆர்.எஸ்.எஃப். உண்டானது. 2023 ஏப்ரலில் அந்தப் படைக்கும் ராணுவத்துக்கும் அதிகாரத்துக்காகப் போர் மூண்டது. அது மெய்யாகவே ரெண்டு கோஷ்டி. ராணுவமும் குண்டு போட்டு மக்களைக் கொன்றிருக்கிறது. ஆனால் அதே வருஷம் எல் ஜெனைனா நகரத்தில் மசாலித் மக்களை வீடு வீடாகத் தேடிக் கொன்றார்கள். 10,000 முதல் 15,000 பேர் வரை என்று ஐ.நா. நிபுணர் குழு சொன்னது. அடிமைகளே என்று திட்டிக்கொண்டே கொன்றார்கள் என்று தப்பி வந்தவர்கள் சொன்னார்கள். அது தகராறு இல்லை. ஒரு வீட்டுக் கதவைத் தட்டி, நீ யார் மகன் என்று கேட்டு, பதிலைப் பார்த்துச் சுடுவது எப்படித் தகராறு ஆகும்? 2025 ஜனவரியில் அமெரிக்க அரசு அதை இனப்படுகொலை என்று அறிவித்தது. அதே வருஷம் அக்டோபரில் எல் ஃபாஷர் விழுந்தது.

தோழி 'அடிமைகளே' என்ற இடத்தில் நிமிர்ந்து பார்த்தார். "திட்டிக்கிட்டேவா?" என்றார். ஆமா என்றேன். "நம்மளையும் திட்டாம அடிச்சதே இல்லியேண்ணே" என்றார்.

மேஸ்திரி ஒரு டீ சொன்னார். வாத்தியார் பேப்பரை மடித்துக் கொடுத்தார். அன்றைய பேப்பரிலும் பக்கத்து மாவட்டச் செய்தி ஒன்று இருந்தது: 'கோயில் திருவிழாவில் இரு பிரிவினர் மோதல், 6 பேர் காயம்'. காயம்பட்ட ஆறு பேரும் எந்தத் தெருக்காரர்கள் என்று செய்தியில் இல்லை. குமாஸ்தா போனை எடுத்து அந்த ஊரில் தெரிந்தவர் யார் இருக்கிறார் என்று தேட ஆரம்பித்தார். நான் பேப்பரின் ஓரத்தில் கேட்க வேண்டியதை எழுதினேன்: எத்தனை மணி, எந்தப் பக்கமிருந்து வந்தார்கள், யார் வீட்டுக்கு யார் போனார்கள்.